பிணம் ஏறிய மறுநாள் எரிந்த விளக்கு

அந்த விளக்கை நான் மூன்று தடவை அணைத்தேன். மூன்று தடவையும் திரும்ப எரிந்தது. பிணம் ஏற்றி இறக்கிய மறுநாள் காலையில்தான் எரியும். வேறு நாளில் எரியாது.

எனக்கு எழுத்து அதிகம் வராது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்போடு நின்றவன். ஹட்டனில் ஒரு கராஜில் முப்பத்தொரு வருடம் வண்டிகளுக்குக் கீழே படுத்தேன். பிறகு முதுகு விடவில்லை. இப்போது கராஜில் இருப்பவர்கள் சென்சர் ஹீட்டர் கோளாறைப் பற்றி எழுதிக் கொடுங்கள் என்றார்கள். சாமான் மாற்றி அனுப்பிய வண்டி திரும்பத் திரும்ப வருகிறதாம். அதை எழுதுகிறேன். அதை எழுதினால் மற்றதையும் எழுத வேண்டி வரும். அது பரவாயில்லை.

முதலில் சாமான். என்ஜினிலிருந்து புகை போகும் குழாயில் ஒரு சென்சர் திருகியிருக்கும். புகையில் ஒட்சிசன் எவ்வளவு மிச்சம் என்று அது பார்த்துச் சொல்லும். கம்ப்யூட்டர் அதைக் கேட்டுப் பெற்றோலைக் கூட்டும், குறைக்கும். ஆனால் சூடு ஏறும்வரை அந்தச் சென்சர் செத்தது மாதிரி. ஒன்றும் தெரியாது. நம் ஊர்க் குளிரில் புகையின் சூட்டை நம்பிக்கொண்டிருந்தால் நேரமாகும். அதனால் அதற்குள் சின்னதாக ஒரு ஹீட்டர் வைத்திருக்கிறார்கள். ஒரு வயரில் கரண்ட் வரும். மற்ற வயரைக் கம்ப்யூட்டர் பிடித்திருக்கும். இந்த வழியில் எங்காவது அறுந்தால் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும். வண்டி ஓடும். பெற்றோல் கொஞ்சம் கூடக் குடிக்கும். அவ்வளவுதான். யாரும் சாக மாட்டார்கள்.

நான் தொழில் பழகிய கதை பெரிதில்லை. தேயிலை லொறியில் கிளீனர். பிறகு கராஜில் சாமான் கழுவுகிறவன். பிறகு கார்பரேட்டர். கம்ப்யூட்டர் வைத்த ஜப்பான் வண்டிகள் வந்தபோது எனக்கு வயது நாற்பதைத் தொட்டிருந்தது.

கராஜ் நிஸாம் நானாவுடையது. முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். நானா வண்டி வந்ததும் பொனட்டைத் திறக்க மாட்டார். டிரைவர் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பிளேன்டீ குடித்து முடிப்பார். வண்டியோடு பேசுகிறார் என்று வெளியில் சொல்வார்கள். அவர் பேசியதில்லை. காது கொடுத்துக்கொண்டிருப்பார். இறங்கி வந்து மீட்டரை எங்கள் கையில் தருவார். மீட்டர் காட்டிய எண்ணைச் சுண்ணக்கட்டியால் சிமெந்துத் தரையில் எழுத வேண்டும். எழுதாமல் ஒரு சாமானும் கழற்றக் கூடாது.

ஒரு நாள் நான், "சென்சர் போயிருக்கும் நானா" என்றேன்.

"போயிருக்குமா, போயிருச்சா?"

"போயிருக்கும்னு நெனைக்கிறேன்."

"மனசுல பட்டத வீட்டுல பொஞ்சாதிக்கிட்ட சொல்லுங்க மாரிமுத்து. இங்க மீட்டர் சொன்னத மட்டும் சொல்லுங்க."

ஹீட்டருக்கு அவர் வைத்த ஒழுங்கு இது. சென்சரில் நாலு வயர் இருந்தால், ஒரே நிறத்தில் இருக்கிற இரண்டுதான் பெரும்பாலும் ஹீட்டர். வண்டி குளிர்ந்திருக்கும்போது, வயர் வந்து மாட்டும் சொக்கட்டைக் கழற்றி அந்த இரண்டுக்கும் நடுவில் மீட்டரில் ஓம், அதாவது தடை, பார்க்க வேண்டும். ஐந்து, ஆறு, பத்து என்று வண்டிக்கு வண்டி மாறும். ஒன்றும் காட்டாவிட்டால் ஹீட்டர் அறுந்தது. சென்சரை மாற்று. காட்டினால் சென்சரைத் தொடாதே. அடுத்தது கரண்ட் வருகிறதா என்று பார். வராவிட்டால் பியூஸ். பியூஸ் எரிந்திருந்தால் புதியதைப் போட்டுவிட்டு அனுப்பாதே. எங்கேயோ வயர் சூட்டில் உருகிக் குழாயில் ஒட்டியிருக்கிறது. அதைத் தேடு. எல்லாம் சரியாக இருந்தால் சொக்கட்டைத் திரும்ப மாட்டி, என்ஜின் ஓடும்போது பார். சும்மா நிற்கிற வயர் பொய் சொல்லும். வேலை செய்கிற வயர் பொய் சொல்லாது.

இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் நான் பிழை விட்டேன்.

சிவலிங்கம் மேற்கணக்கிலிருந்து வருவான். மேற்கணக்கு என்றால் தோட்டத்தின் மேல் பிரிவு. தார் ரோட்டிலிருந்து மூன்று மைல் கல்ரோடு. அங்கே இருந்த ஒரே வேன் அவனுடையது. காலையில் பள்ளிப் பிள்ளைகள். மத்தியானம் மரக்கறி. இடையில் காய்ச்சல்காரர், பிள்ளை பெறப் போகிறவர். ஆஸ்பத்திரியில் யாராவது இறந்தால் பின் சீட்டை மடக்கிப் பெட்டியை ஏற்றி வருவான். அந்தக் காலத்தில் அம்புலன்ஸ் அந்தக் கல்ரோட்டில் ஏறாது.

முதல் தடவை அவன் வந்தபோது ஸ்கேனரைப் போட்டேன். ஹீட்டர் கோளாறு என்று எண் காட்டியது. மீட்டரில் பார்த்தால் எல்லாம் சரி. எண்ணை அழித்து அனுப்பினேன். இரண்டாம் தடவை நானா ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தார். நான் மீட்டரில் பார்க்காமல் சென்சரையே மாற்றினேன். நானா வந்து தரையைப் பார்த்தார்.

"சிமெந்து நல்லாத்தான் ஈக்கி. எழுத்த மட்டும் காணோம்."



மூன்றாம் தடவை நானாவே வண்டிக்கு அடியில் படுத்தார். சென்சர் ஆறு ஓம். கரண்ட் சரி. பியூஸ் சரி. வயரைப் பிடித்து ஆட்டினார், இழுத்தார். ஒன்றும் மாறவில்லை. ஐந்து எண் தரையில் இருந்தது. ஐந்தும் நல்ல எண். நானா எழுந்து கையைத் துடைத்தார். "மீட்டர்ல ஒண்ணும் இல்ல" என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

சிவலிங்கம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"பொட்டி எறங்குது நானா. ஆளு எறங்கல."

"என்னா கதை இது?"

"மொத தடவ செத்தது கங்காணி வீட்டு ஆளு. மறுநாள் வெளக்கு. ரெண்டாவது கீழ் லயத்துப் பொண்ணு. மறுநாள் வெளக்கு. மூணாவது போன கெழம. மறுநாள் வெளக்கு. செத்தவங்க தலமாட்டுல வெளக்கு ஏத்தி வைப்போம்ல, அந்த மாதிரி உக்காந்திருக்காங்க."

"டிக்கட் இல்லாம ஏறினவங்கள எறக்குற மெஷின் எங்கிட்ட இல்லையே சிவலிங்கம்."

நானா சிரிக்கவைக்கத்தான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

பள்ளிப் பிள்ளைகளைத் தாய்மார் அந்த வேனில் அனுப்புவதை நிறுத்தியிருந்தார்கள். மூன்று மைலும் நடக்க விட்டார்கள். அது அவனுக்குப் பெரிதில்லை. அவன் மகள் கலா ஒன்பது மாதக் கர்ப்பிணி. முதல் பிள்ளை தங்கவில்லை. இந்தப் பிள்ளை குறுக்கே கிடக்கிறது, நோவு வந்தால் தாமதிக்கக் கூடாது, வருவதற்கு முன்னமே கொண்டுவந்து சேர்த்துவிடுங்கள் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அவளோ அப்பன் வேனில் ஏற மாட்டேன் என்றாள். அப்பனுக்கும் ஏற்ற மனமில்லை.

"பொறகு எப்புடி கொண்டு போவீங்க?" என்றேன்.

"நாக்காலியில வச்சு நாலு பேர் தூக்கிட்டுப் போவோம் மாரியண்ணே. மொத தடவையும் அப்புடித்தான் போனோம்."

முதல் பிள்ளை எப்படிப் போனது என்று அப்போது விளங்கியது.

அந்த வாரமே தோட்டத்தில் பாக்கியம் ஆயம்மா ஆஸ்பத்திரியில் இறந்தார். ஆயம்மா பிள்ளைக்காம்பராவில் இருந்தவர். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுப் போகிற கட்டிடம் அது. மேற்கணக்கில் பாதிப் பேர் அவர் மடியில் தூங்கியவர்கள். கலாவும்தான். பெட்டியை எடுத்து வர சிவலிங்கத்துக்குச் சொல்லியிருந்தார்கள். நானா என்னிடம் சொன்னார்.

"பொணம் ஏறினா என்னா நடக்குதுன்னு நாம பாக்கலையே. நீங்க கூடப் போய்ப் பாத்துட்டு வாங்க."

அந்த வேனில் முன் சீட்டுக்கு அடியில் என்ஜின். சென்சர் சொக்கட்டும் அங்கே, கீழ்ப்பக்கம். சொக்கட்டின் பின்னால் இரண்டு ஊசி குத்தி, நீள வயர் இழுத்து, சீட்டு இடுக்கு வழியாக மேலே எடுத்தேன். மீட்டரை மடியில் வைத்துக்கொண்டேன். என்ஜின் ஓடியது. 13.7 வோல்ட்.

ஆஸ்பத்திரியில் பெட்டியை ஏற்றினார்கள். மீட்டரைப் பார்த்தேன். 13.7.

மூன்று மணி இருக்கும். தார் ரோட்டை விட்டு ஏறியதும் பனிமூட்டம் இறங்கிவிட்டது. டர்பன்டைன் மரங்கள் பாதிதான் தெரிந்தன. கல்லில் சக்கரம் ஏறும்போதெல்லாம் பின்னால் பெட்டி சட்டத்தில் ஒரு தட்டுத் தட்டும். சிவலிங்கம் ஒவ்வொரு தட்டுக்கும், "வந்துட்டோம் ஆயம்மா" என்பான். மெதுவாகச் சொல்வான். உயிரோடு இருக்கிறவருக்குச் சொல்கிற குரல்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. எண்ணைப் பார்த்தேன். 13.7. வளைவில் 13.6. திரும்ப 13.7.

பிள்ளைக்காம்பரா வளைவில் ஆயம்மாவுக்காக வண்டியை நிறுத்தினான். பழைய கட்டிடம் பனிக்குள் இருந்தது. கதவு சாத்தியிருந்தது. உள்ளே தொட்டில் சீலைகள் இன்னும் கூரை வளையில் கட்டியபடி தொங்குவது ஜன்னலில் தெரிந்தது. காற்றே இல்லை. ஒரு சீலை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"எலியா இருக்கும்" என்றான் சிவலிங்கம். வண்டியை எடுத்தான்.

தோட்டத்து வீட்டு வரிசையான லயத்தில் பெட்டியை இறக்கினார்கள். அழுகை எழும்பியது. நான் முன் சீட்டிலேயே இருந்தேன். 13.7. பிணம் ஏறியும் மாறவில்லை, இறங்கியும் மாறவில்லை. அதைக் கையில் எழுதிக்கொண்டேன். நானாவுக்கு என்ன சொல்வது என்று யோசித்தேன்.

அப்போது சிவலிங்கம் பீலிக் குழாயிலிருந்து ஒரு வாளியில் தண்ணீர் பிடித்து வந்தான்.

"மாரியண்ணே, எறங்கிருங்க. தீட்டுக் கழிக்கணும்."

இறங்கினேன். மீட்டரைச் சீட்டில் வைத்தேன். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. வாளியில் மஞ்சள் கரைத்திருந்தான். இரண்டு கை நிறையக் கல்லுப்பு அள்ளிப் போட்டான். வேப்பிலையால் சீட்டுக்குத் தெளித்தான். பிறகு முன் சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து, அடியில், ஒரு வீச்சு. இன்னொரு வீச்சு. மூன்றாவது, வாளியோடு. சூட்டில் பட்ட தண்ணீர் ஆவியாக எழும்பியது. மஞ்சள் வாசம்.

திறந்த கதவு வழியாகச் சீட்டைப் பார்த்தேன். வண்டிக்குள் யாரும் இல்லை. மீட்டரில் எண் இறங்கிக்கொண்டிருந்தது. 12. பிறகு 9. பிறகு 4. சாகிறவர் கையைப் பிடித்திருந்தால் நாடி விட்டு விட்டு இறங்குமே, அப்படி இறங்கியது. 0.8இல் நின்றது.

டேஷ்போர்டில் விளக்கு எரியவில்லை. அந்த வண்டி அப்படித்தான். முதல் தடவை கோளாறைக் கண்டால் கம்ப்யூட்டர் மனதுக்குள் வைத்துக்கொள்ளும். மறுநாள் வண்டியை எடுத்து ஓடும்போது இரண்டாம் தடவையும் கண்டால்தான் விளக்கைப் போடும். மறுநாள் காலையில் விளக்கு ஏன் வந்தது என்பதற்கு அதுதான் காரணம். ஒன்றிரண்டு நாளில் உப்புத் தண்ணீர் காய்ந்துவிடும். கராஜுக்கு வரும்போது மீட்டரில் எல்லாம் சரியாகக் காட்டும்.

கராஜில் வந்து சொன்னேன். நானா கேட்டார்.

"இந்தத் தண்ணி தெளிக்கிறது, நீங்களும் வீட்டுல செய்வீங்களா?"

"செய்வோம் நானா. செத்த வீட்டுக்குப் போய்ட்டு வந்தா எல்லாரும் செய்யிறதுதான்."

"பொறகு ஏன் அவர்கிட்ட கேக்கல?"

"செய்யிறதுதானேன்னு இருந்துட்டேன். அத யாரு கேப்பா?"

நானா சுண்ணக்கட்டியை எடுத்து அந்த ஐந்து எண்ணுக்குக் கீழே உப்பு என்று எழுதினார்.

சொக்கட்டைப் பிரித்தேன். உள்ளே வயர் முனையில் இருக்கும் ஊசி இரண்டும் பச்சை பூத்து நூல் மாதிரி மெலிந்திருந்தன. அந்தக் களிம்பு வயருக்குள்ளும் ஏறியிருந்தது. ஒரு சாண் வெட்டிய பிறகுதான் செம்பு பளிச்சென்று வந்தது. இந்த இடத்தை இப்போதுள்ளவர்கள் கவனிக்க வேண்டும். சென்சர் பக்க வயரில் ஈயம் வைக்காதீர்கள், கிரீஸ் போடாதீர்கள். பல சென்சர்கள் வெளிக்காற்றை அந்த வயரின் இடுக்கு வழியாகத்தான் இழுக்கும். அடைத்தால் மூச்சு நின்றுவிடும். புது ஊசி வைத்து நசுக்கிப் பிடிக்க வேண்டும். அப்படியே செய்து, சொக்கட்டைத் தண்ணீர் படாத மாதிரி மேலே தூக்கிக் கட்டினேன். ஓட விட்டுப் பார்த்தேன். சொக்கட்டின் இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் இல்லை. தரையில் எழுதினேன்.

சிவலிங்கத்திடம், இனி அடியில் உப்புத் தண்ணீர் வீசக் கூடாது என்றேன்.

"தீட்டோட எம்மகள ஏத்தச் சொல்றீங்களா?"

"சீட்டுக்குத் தெளிங்க. சக்கரத்துக்கு ஊத்துங்க. அடியில வேணாம்."

"ஆளு அடியில தொத்திக்கிட்டு இருந்தா?"

அதற்கு என்னிடம் மீட்டர் இல்லை. "வெளக்கு எரியாது. நான் சொல்றேன்" என்றேன்.

"அப்ப கலாவ ஏத்துற அன்னைக்கு நீங்களும் முன்னுக்கு ஏறணும்."

சரி என்றேன்.

டொக்டர் சொன்ன நாளன்று முதல் பஸ்ஸில் போய் இறங்கி, கல்ரோட்டில் ஏறினேன். லயத்தை அடையும்போது எட்டு மணி. விடியற்காலையிலேயே நோவு தொடங்கிவிட்டது. நான் வருவேன் என்று காத்திருந்தார்கள். கலா வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தாய் லெட்சுமி தோளைப் பிடித்திருந்தாள். பக்கத்தில் ஒரு நாற்காலியில் இரண்டு மூங்கிலைக் கட்டி ஆயத்தமாக வைத்திருந்தார்கள். நாலு ஆண்கள் நின்றார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

சிவலிங்கம் அருகில் வந்து மெதுவாகச் சொன்னான். "முந்தாநாத்து ஒரு பொட்டி கொண்டாந்தேன். அடியில தண்ணி வீசல. நீங்க சொன்னீங்கன்னு."

"வெளக்கு?"

"நேத்து எரியல. இன்னைக்கும் எரியல."

கலா என்னிடம் நேராகக் கேட்டாள். "மாமா, வெளக்கு எரிஞ்சா சொல்லுவீங்களா?"

"சொல்றேன்."

"எரிஞ்சா நான் எறங்கிருவேன். நாக்காலியிலயே போறேன்."

ஏறினாள். பின்னால் மெத்தை போட்டுப் படுக்க வைத்தார்கள். பெட்டி வைக்கிற இடம் அதுதான். வேறு இடம் இல்லை. லெட்சுமி தலைமாட்டில் உட்கார்ந்தாள். அன்றைக்கு மீட்டர் மாட்டவில்லை. தேவை என்று நினைக்கவில்லை.

பனிமூட்டம் விலகவில்லை. சிவலிங்கம் மெதுவாக இறக்கினான். பிள்ளைக்காம்பரா வளைவில் திரும்பினோம். நான் கட்டிடத்தைப் பார்க்கவில்லை. டேஷ்போர்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விளக்கு எரிந்தது.

சிவலிங்கத்தின் கால் பெடலை விட்டு எழும்பியது. வண்டி தயங்கியது. பின்னால் கலா முனகுவதை நிறுத்தினாள்.

"எரியுதா மாமா?"

தோளில் கிடந்த துண்டை எடுத்து டேஷ்போர்டின் மேல் போட்டேன்.

"எரியல."

"அப்பா ஏன் நிப்பாட்டுறாரு?"

"கண்ணாடியில பனி. தொடைக்கிறேன்." கையால் கண்ணாடியைத் துடைத்தேன். பிறகு சிவலிங்கத்தைப் பார்த்து, "ஓட்டுங்க" என்றேன்.

ஓட்டினான். நான் துண்டின் மேல் கையை வைத்திருந்தேன். துணி வழியாக மஞ்சளாகத் தெரிந்தது. சூடு இல்லை. விளக்குக்குச் சூடு இருக்காது. ஆனால் என் உள்ளங்கையில் சூடு இருந்தது. அதை நான் நினைத்துக்கொண்டதாக இருக்கலாம். ஒன்று மட்டும் நிச்சயம். அந்த மூன்று மைலிலும் பின்னால் ஒரு தட்டுக் கூடக் கேட்கவில்லை. அவ்வளவு கல்லில் வண்டி தொட்டில் மாதிரி இறங்கியது.

ஆஸ்பத்திரி வாசலில் கலாவை இறக்கித் தள்ளுவண்டியில் வைத்தார்கள். நான் துண்டை எடுத்தேன். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. விளக்கு இல்லை.

பத்து மணிக்குள் அறுத்துப் பிள்ளையை எடுத்துவிட்டார்கள். பெண் பிள்ளை. அரைமணி பிந்தியிருந்தால் இரண்டும் இல்லை என்று டொக்டர் சொன்னதாக லெட்சுமி வந்து சொன்னாள். நாற்காலியில் வந்திருந்தால் பிந்தியிருக்கும்.

வண்டியை நேரே கராஜுக்குக் கொண்டுபோனோம். ஸ்கேனர் போட்டேன். விளக்கு எந்தக் காரணத்தால் எரிந்தாலும் கம்ப்யூட்டரில் எண் நிற்க வேண்டும். ஒன்றும் இல்லை. மனதுக்குள் வைத்திருக்கும் இடத்திலும் இல்லை. சொக்கட்டைப் பிரித்தேன். ஊசி புதிதாக மின்னியது.

நானாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தார்.

"மீட்டர் என்னா சொல்லிச்சு?"

"ஒண்ணும் சொல்லல நானா."

"அப்ப தரையில எழுத ஒண்ணும் இல்ல."

ஒரு பிளேன்டீ எடுத்துக்கொண்டு வேனில் ஏறினார். முன் சீட்டில் இல்லை. பின்னால், பெட்டி வைக்கும் இடத்தில் உட்கார்ந்தார். கதவைச் சாத்திக்கொண்டார். மற்ற வண்டிகளுக்கு இருப்பதைவிட அதிக நேரம் இருந்தார். இறங்கி வந்து, "வண்டி சரி. குடுத்துருங்க" என்றார். பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.

நானா இப்போது இல்லை. சிவலிங்கமும் இல்லை. அந்த வேன் இன்னும் நாலு வருடம் ஓடியது. பெட்டியும் ஏற்றியது, பள்ளிப் பிள்ளைகளையும் ஏற்றியது. விளக்கு எரியவில்லை. சொக்கட்டைப் பாருங்கள், கழுவுகிற தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள், உங்கள் வீட்டில் நீங்களும் செய்கிறதுதான் என்றாலும் கேளுங்கள். கராஜில் உள்ளவர்களுக்கு இவ்வளவுதான் சொல்ல வேண்டும்.

போன தேர்த் திருவிழாவில் கலாவைக் கண்டேன். மகள் அவள் தோளுக்கு வளர்ந்திருந்தாள். கலா கேட்டாள். "அன்னைக்கு எரிஞ்சிச்சா மாமா? துண்ட எதுக்குப் போட்டீங்க?" நான், சாமி வருகிறது, அங்கே பார் என்றேன்.

சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுச் சொல்லாமல் விட்டது அது ஒன்றுதான். கலா, எரிந்தது. பிள்ளைக்காம்பரா வளைவிலிருந்து ஆஸ்பத்திரிவரை எரிந்தது.